இட்லி முதல் பிரெஞ்சு ரொட்டி வரை: பாகூர், வில்லியனூர் சாப்பாட்டின் சூட்சுமம்

வில்லியனூர் கடைத்தெருவில் விடியற்காலையில் இட்லிப் பானை ஆவி விடும். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா வாசலில் அடுப்பு வைத்து ஆப்பம் ஊற்றிக்கொண்டிருப்பார். டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் பன்னும் வர்க்கியும் இருக்கும். பேக்கரிக்காரர் நீளமான பிரெஞ்சு ரொட்டியை அடுக்கி வைத்திருப்பார். மதியம் எல்லா வீட்டிலும் சோறு. ராத்திரி ஆனதும் பரோட்டாக் கல் சூடேறும். ஆடி மாதமென்றால் மாரியம்மன் கோயில் வாசலில் கூழ்.

ஒரே ஊரில் இத்தனை வகைச் சாப்பாடு எப்படிச் சேர்ந்தது? இட்லியை ஏன் ஆவியில் வேகவைக்கிறோம், ரொட்டியை ஏன் சூளையில் சுடுகிறார்கள்? சப்பாத்தி உப்புகிறது, கேழ்வரகு அடை ஏன் உப்புவதில்லை? பரோட்டாவில் அடுக்கு எப்படி வருகிறது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, தானியத்தின் குணம். மற்றொன்று, அதை வேகவைக்கும் அடுப்பு. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் இந்தியாவின் எந்த மூலையில் எந்தப் பண்டத்தைத் தட்டில் வைத்தாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

முதலில் நெல்

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். காரணம் ஏரி. தென்பெண்ணையாற்றுத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டில் திரும்பி, பங்காரு வாய்க்கால் வழியாக பாகூர் ஏரிக்கு வருகிறது. வில்லியனூர்ப் பக்கத்தில் சங்கராபரணி ஆறும் ஊசுட்டேரியும் அந்த வேலையைச் செய்கின்றன. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்துக்கும் இங்கே நெல் நடுவது அதனால்தான் முடிகிறது. நெல்லோடு கரும்பு, மணிலா, வாழை, தென்னை எல்லாம் உண்டு. ஆனால் சாப்பாட்டுக்கு அடித்தளம் நெல்தான்.

இது பழைய கதை. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் ஒரு கல்விச்சாலை இயங்கியது. அதை நடத்த மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததை பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அங்கே படித்தவர்களின் வயிற்றை நிரப்பியது இந்த மண்ணின் விளைச்சல்தான்.

இன்னும் பின்னால் போனால், பாகூருக்கு வடக்கே திண்டிவனம், மரக்காணம் பக்கம் சங்க காலத்தில் ஓய்மாநாடு. அதன் மன்னன் நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு வழியில் என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை வரிசையாகச் சொல்கிறது. கடற்கரைப் பட்டினத்தில் சுட்ட உலர்ந்த குழல்மீன். வேட்டுவர் ஊரில் புளி சேர்த்த சோறும் ஆமான் என்ற காட்டுப் பசுவின் சுட்ட இறைச்சியும். வயல் சூழ்ந்த ஆமூரில் வெண்சோறும் நண்டும். இன்றும் நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் என்று பாகூர் கொம்யூனின் கடலோரக் குப்பங்களில் கருவாடு காய்கிறது. உள்ளே போனால் வயல் நண்டை இடித்து ரசம் வைக்கிறார்கள். நிலம் எதைக் கொடுக்கிறதோ அதுதான் சட்டிக்குப் போகிறது.

மதியச் சோற்றுக்கு இன்று அதிகம் புழங்குவது பொன்னி வகைதான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி இந்த வட்டாரம் முழுக்கப் பரவிய ரகம். இதில் பெரும்பகுதி புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்த பிறகுதான் உமியை நீக்குகிறார்கள். அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். அதனால் தீட்டிய பிறகும் பச்சரிசியைவிடப் புழுங்கலில் அந்தச் சத்து கூடுதலாக நிற்கிறது. மாவுச்சத்து ஒருமுறை வெந்து இறுகிவிடுவதால் சோறு குழையாமல் உதிரியாக வடிகிறது. சோற்றுக்கும் இட்லிக்கும் புழுங்கல், கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும் பச்சரிசி என்று வீட்டுப் பெரியவர்கள் பிரித்து வைத்தது சும்மா இல்லை.

பசை உள்ள தானியம், இல்லாத தானியம்

கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மாவு இழுபடும். மெல்லியதாகத் தேய்த்தாலும் கிழியாது. கோதுமையில் இருக்கும் இரண்டு புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து வலைபோல ஒரு பசையை உண்டாக்குவதுதான் காரணம். இதற்கு குளூட்டன் என்று பெயர். பிசையப் பிசைய அந்த வலை உறுதியாகும். உள்ளே காற்றோ ஆவியோ உண்டானால் வலை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சப்பாத்தி உப்புவதும், பன் புசுபுசுவென்று வருவதும், பரோட்டா விசிறி வீசும்போது கிழியாமல் விரிவதும் இந்தப் பசையால்தான்.

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் எதிலும் இந்தப் பசை இல்லை. அரிசி மாவில் பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து சப்பாத்திபோலத் தேய்த்துப் பாருங்கள், ஓரமெல்லாம் வெடித்து உதிரும். ஆகவே நெல்லும் புன்செய்த் தானியமும் விளைகிற தெற்கில் நம் முன்னோர்கள் வேறு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மூன்று வழி கண்டுபிடித்தார்கள். உளுந்து சேர்த்து அரைத்துப் புளிக்கவைப்பது ஒன்று. வெந்நீர் ஊற்றிக் கிளறுவது இரண்டு. கஞ்சியாக, கூழாக, களியாகக் காய்ச்சிவிடுவது மூன்று. நம் ஊர்ப் பலகாரத்தில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் அடங்கும்.

முதல் வழி: புளிக்கவைப்பது

நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். தனித்தனியாக ஊறவைத்து, உளுந்தைப் பொங்கப் பொங்க அரைத்து, அரிசியைச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து ராத்திரி முழுக்க வைக்கிறோம். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிரிகள் மாவைப் புளிக்கவைத்துக் கரியமிலவாயுவை விடுகின்றன. இதில் முக்கியமானது லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா. உளுந்தில் இருக்கும் வழவழப்பும் அதன் புரதமும் அந்த வாயுக் குமிழிகளை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கின்றன. கோதுமையில் குளூட்டன் செய்கிற வேலையை இட்லி மாவில் உளுந்து செய்கிறது.

குமிழியோடு நிற்கும் மாவை ஆவியில் வைத்தால் அரிசியின் மாவுச்சத்து வெந்து, குமிழியைச் சுற்றி அப்படியே கெட்டிப்படும். அதுதான் இட்லியின் பஞ்சு. உளுந்து குறைந்தால் இட்லி கல்லாகும். அதிகமானால் தட்டையாகச் சப்பிப் போகும். மார்கழியில் மாவு பொங்க நேரமாவதும், சித்திரையில் சீக்கிரம் புளித்துப் போவதும் பாக்டீரியாவுக்குச் சூடு வேண்டும் என்பதால்தான். 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையில் இட்லியின் பெயரை ஒத்த ஒரு பண்டம் வருகிறது. ஆகவே தென்னிந்தியாவில் அந்தப் பெயருக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம் உண்டு.

அதே மாவைத் தண்ணீராக்கிச் சூடான இரும்புக் கல்லில் ஊற்றினால் தோசை. ஆவியில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் இட்லி வெள்ளையாகவே வெந்துவிடும். கல்லின் சூடு அதைவிட மிக அதிகம். மாவின் அடிப்பாகத்தில் தண்ணீர் வற்றி, புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமாகின்றன. முறுகல் வாசனை அங்கிருந்துதான் வருகிறது. தானியமும் மாவும் ஒன்றேதான், அடுப்பு மாறியதும் பண்டமும் மாறிவிட்டது.

ஆப்பத்தின் கதை இன்னும் சுவையானது. இதற்குப் பச்சரிசி. உளுந்து பெயருக்குத்தான், ஒரு பிடி வடித்த சோறும் தேங்காயும் சேர்த்து அரைப்பார்கள். பொங்க வைக்கப் பழைய காலத்தில் பனங்கள்ளோ தென்னங்கள்ளோ கொஞ்சம் விடுவார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. புதுச்சேரியில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. அதனால் எல்லையின் இந்தப் பக்கம் கள் விட்ட ஆப்பத்துக்கு வழி இருக்கிறது. என்றாலும் இன்று பல வீடுகளில் சோடா உப்பும் கடை ஈஸ்ட்டும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. கள்ளில் பெருகும் ஈஸ்ட்டும், பிரெஞ்சு ரொட்டியை எழுப்பும் ஈஸ்ட்டும் ஒரே இனம்தான். ஆப்பம் ஊற்றும் அம்மாவும் பேக்கரிக்காரரும் ஒரே நுண்ணுயிரியை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆப்பச்சட்டி குழிவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு கரண்டி மாவை நடுவில் ஊற்றி, இரண்டு காதையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் மாவு ஓரத்தில் மெல்லியதாக ஏறி ஒட்டிக்கொள்ளும், மீதி நடுவில் வந்து நிற்கும். மூடி போட்டால் ஓரம் முறுகும், நடுப்பகுதி தன் ஆவியிலேயே இட்லிபோல வேகும். ஒரே பண்டத்தில் தோசையும் இட்லியும் சேர்ந்தது மாதிரி. தேங்காய்ப் பால் ஊற்றிச் சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கால் பாயா.

இரண்டாவது வழி: வெந்நீர்

புளிக்கவைக்க நேரமில்லாதபோது கைகொடுப்பது கொதிக்கும் தண்ணீர். அரிசி மாவில் வெந்நீர் ஊற்றிக் கிளறினால் மாவுச்சத்தின் ஒரு பகுதி அங்கேயே வெந்து பிசுபிசுப்பாகிவிடும். அந்தப் பிசுபிசுப்புதான் மீதி மாவைக் கட்டிப் பிடிக்கிறது. இடியாப்ப மாவு அச்சில் பிழியும்போது அறுபடாமல் நூலாக வருவதும், கொழுக்கட்டைச் செப்பு விரிசல் விடாமல் இருப்பதும் இதனால்தான். தண்ணீர் சரியாகக் கொதிக்காவிட்டால் நூல் அறுந்து அறுந்து விழும்.

புட்டு இதற்கு நேர்மாறு. அங்கே மாவு ஒட்டவே கூடாது. உப்புத் தண்ணீர் தெளித்து, பிடித்தால் பிடியாகவும் விட்டால் உதிரியாகவும் இருக்கும் பதத்துக்குப் பிசறி, ஆவியில் வைக்க வேண்டும். ஆவி போய்வர இடைவெளி இருந்தால்தான் உள்ளே வேகும்.

கேழ்வரகு அடையும் வெந்நீர் வழிதான். கிராமத்துப் பேச்சில் கேழ்வரகு 'கேவுரு'. மாவில் முருங்கைக்கீரை, நறுக்கின வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு, சூடான தண்ணீர் விட்டுப் பிசைந்து, வாழையிலையிலோ ஈரத் துணியிலோ கையால் தட்டிக் கல்லில் போடுவார்கள். உருட்டுக்கட்டையால் தேய்க்க முடியாது, தட்டத்தான் முடியும். பசை இல்லாத தானியத்துக்கு எல்லா ஊரிலும் இதே கைவேலைதான். வட கர்நாடகத்தின் சோள ரொட்டி, மராட்டியரின் பாக்ரி, குஜராத், ராஜஸ்தான் பக்கத்துக் கம்பு ரொட்டி, பஞ்சாபின் மக்காச்சோள ரொட்டி, தென் கர்நாடகத்தின் அக்கி ரொட்டி எல்லாம் வெந்நீரும் கைத்தட்டலும் சேர்ந்து பிறந்தவை. ஆறினால் விறைத்துவிடும் என்பதால் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வர வேண்டும் என்பதும் இவை எல்லாவற்றுக்கும் பொது.

மூன்றாவது வழி: கூழ்

ஆடி மாதத்தில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் 'சாகை வார்த்தல்' என்று போஸ்டர் ஒட்டுவார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா அது. தெருவில் வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சிக் குடத்தில் எடுத்துப் போய்க் கோயிலில் ஊற்றி, கலந்து, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றுவார்கள்.

கூழ் காய்ச்சுவது ஒரு நாள் வேலை அல்ல. முதல் நாள் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைப்பார்கள். மறுநாள் அரிசி நொய்யை வேகவைத்து, பாதி வெந்ததும் புளித்த மாவை ஊற்றி, அடிபிடிக்காமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். விரலில் ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. இறக்கி ஆறவைத்தால் கெட்டியாகும். அடுத்த நாள் அதில் மோரும் உப்பும் விட்டுக் கையால் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டால் கூழ் தயார். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய், முருங்கைக்கீரைப் பொரியல். வீட்டில் என்றால் கருவாட்டுக் குழம்பு.

வெயிலில் வேலை செய்கிறவருக்குத் தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே சொம்பில் கிடைக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் இருப்பதைப்போலப் பல மடங்கு இது. புளிக்கவைப்பதால் அந்தச் சத்தை உடல் எடுத்துக்கொள்வதும் எளிதாகிறது.

பழைய சோறும் இந்தக் குடும்பம்தான். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் இரவில் அதுவும் லேசாகப் புளிக்கும். ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில் சோறு கெடாமல் காப்பாற்றியது இந்தப் புளிப்பு.

கோதுமை எப்படி வந்தது?

புதுச்சேரி மண்ணில் கோதுமை விளையாது. அதற்குக் குளிர் வேண்டும். இங்கே கோதுமை இரண்டு முறை வெளியிலிருந்து வந்தது.

முதல் முறை பிரெஞ்சுக்காரர்களோடு. 1674இல் புதுச்சேரியில் காலூன்றிய பிரெஞ்சுக் கம்பெனியின் கைக்கு வில்லியனூரும் பாகூரும் 1750 வாக்கில் வந்தன. தங்கள் ரொட்டி இல்லாமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே சூளை வந்தது. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. ரொட்டி மட்டும் போகவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ராஜீவ் காந்தி சிற்றுண்டித் திட்டத்தில் வேலை செய்கிறவர்களை இன்றும் 'ரொட்டி பால் ஊழியர்கள்' என்றுதான் செய்தித்தாள் எழுதுகிறது.

பிரெஞ்சு ரொட்டிக்குச் சேர்மானம் நான்கே: மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். பாலோ நெய்யோ சர்க்கரையோ கிடையாது. மாவை எழும்பவைத்து, நீளமாக உருட்டி, மேலே சாய்வாகப் பிளேடால் கீறி, 240 டிகிரி வாக்கில் சூடான சூளையில் வைப்பார்கள். கீறாவிட்டால் உள்ளே பெருகும் வாயு கண்ட இடத்தில் வெடித்துக்கொண்டு வெளியேறும். சூளையில் தொடக்கத்தில் ஆவி விட வேண்டும். ஈரம் இருந்தால் மேல்தோல் உடனே இறுகாமல் ரொட்டி நன்றாக விரியும். பிறகு அந்தத் தோல் காய்ந்து, மெல்லியதாக, பளபளப்பாக முறுகும். பிரான்ஸ் இந்த ரொட்டியில் எவ்வளவு கண்டிப்பு என்றால், பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டியில் கெடாமல் இருப்பதற்கான சேர்ப்புகள் எதுவும் கூடாது என்று 1993இல் அரசாணையே போட்டது. பகெத் என்ற அந்த நீள ரொட்டியின் கைவினையை 2022இல் யுனெஸ்கோ மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். காலையில் மொறுமொறுவென்று வாங்கிய ரொட்டி மாலைக்குள் தோல் தளர்ந்து ரப்பராகிவிடும். லேசாகத் தண்ணீர் தெளித்து, தோசைக்கல்லில் மூடி போட்டு இரண்டு நிமிடம் வைத்துப் பிறகு மூடியை எடுத்துவிட்டால் ஓரளவு மொறுமொறுப்பு திரும்பும். கறிக்குழம்பில் தோய்த்துச் சாப்பிட நினைப்பவர்கள் இதையெல்லாம் பார்க்க வேண்டாம், பழைய ரொட்டிதான் குழம்பை நன்றாக உறிஞ்சும்.

இரண்டாவது முறை கோதுமை வந்தது பஞ்சத்தோடு. சுதந்திரத்துக்குப் பிறகு அரிசித் தட்டுப்பாடு நாட்டை வாட்டியது. 1956இல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் போட்டுக் கோதுமை கப்பல் கப்பலாக இறங்கியது. 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டில் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கி பாக்கெட் ரொட்டியை நாடெங்கும் கொண்டுபோனது. இட்லிக்கும் தோசைக்கும் நடுவில் கோதுமையும் மைதாவும் நம் அடுப்பில் இடம்பிடித்தது இந்தக் காலத்தில்தான். அதுவரை சப்பாத்தி நம் பக்கத்துக் கிராமத்தில் அன்றாடச் சாப்பாடு அல்ல.

பரோட்டாவின் அடுக்கு

கோதுமைப் பசையின் முழு வித்தையையும் பார்க்க வேண்டுமானால் ராத்திரி பரோட்டாக் கடை முன்னால் பத்து நிமிடம் நின்றால் போதும். மைதாவில் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தண்ணீர் விட்டு அடித்துப் பிசைந்து, ஈரத் துணி போட்டு மூடி வைப்பார்கள். இந்த ஓய்வு கட்டாயம். பிசைந்த உடனே விரித்தால் பசை சுருங்கி மாவைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டு மணி நேரம் ஊறினால் இறுக்கம் தளர்ந்து, இழுத்த இழுப்புக்கு வரும்.

உருண்டையை எண்ணெயில் தோய்த்து, மேடையில் தட்டி, விசிறி வீசுவார் மாஸ்டர். மாவு மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகும். அதைக் கொசுவம்போல மடித்துச் சுருட்டி மறுபடி ஓய்வு. பிறகு கையால் அழுத்திக் கல்லில் போடுவார். மடிப்புகளுக்கு நடுவில் எண்ணெய்ப் படலம் இருப்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி அடுக்குகளைப் பிரிக்கிறது. கடைசியில் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் பட்பட்டென்று அடிக்கிறாரே, அது சத்தத்துக்காக அல்ல. அடுக்கு உதிர்வதற்காக.

வடக்கே போனால் இதே கோதுமை வேறு அடுப்புக்குப் போகிறது. மண்ணில் செய்த தந்தூர் அடுப்பின் உள்சூடு 300 டிகிரிக்கு மேல் போகும். புளித்த மைதா மாவைச் சுவரில் ஒட்டினால் ஓரிரு நிமிடத்தில் நான் தயார். மேலே கரும்புள்ளி, உள்ளே மென்மை. அதே மாதிரியான மாவை எண்ணெயில் போட்டால் பட்டூரா. முழுக் கோதுமை மாவைப் புளிக்கவைக்காமல் கல்லில் சுட்டால் சப்பாத்தி, எண்ணெயில் பொரித்தால் பூரி. தேய்த்த வட்டத்துக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி இரண்டு தோலாகப் பிரிப்பதால்தான் சப்பாத்தியும் பூரியும் உப்புகின்றன. எங்காவது சின்ன ஓட்டை விழுந்தால் ஆவி அதன் வழியே போய்விடும், உப்பாது.

தொட்டுக்கொள்ள: வடவமும் மண்சட்டியும்

சோறானாலும் இட்லியானாலும் ரொட்டியானாலும் அது எந்த ஊர்ச் சாப்பாடு என்று காட்டிக்கொடுப்பது குழம்புதான். புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துக் குழம்புக்கு அடையாளம் வடவம்.

சித்திரை வெயிலில் போடுவார்கள். ஒரு கிலோ சின்ன வெங்காயம், கால் கிலோ பூண்டு இரண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உடைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசைந்து ஒரு இரவு சட்டியில் வைப்பார்கள். காலையில் உருண்டை பிடித்து வெயிலில் காயவைப்பார்கள். மாலையில் உருண்டையை உடைத்து, சட்டியில் நின்ற சாற்றோடு மறுபடி பிசைந்து வைத்து, அடுத்த நாள் மீண்டும் உருட்டிக் காயவைப்பார்கள். சாறெல்லாம் உள்ளே இழுத்த பிறகு, கறுத்துச் சுருங்கும்வரை ஒரு வாரம், பத்து நாள் வெயில். கடைசியில் விளக்கெண்ணெய் தடவி எடுத்து வைத்தால் வருஷம் முழுக்கக் கெடாது. வெங்காயமும் பூண்டும் மெதுவாகப் புளித்துக் காய்வதால் வரும் வாசனையைப் பச்சை வெங்காயத் தாளிப்பால் கொடுக்க முடியாது. ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி எண்ணெயில் போட்டால் தெருவுக்கே தெரியும். புதுச்சேரியிலிருந்து இந்தச் சரக்கைத் தெரிந்துகொண்ட பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தங்கள் ருசிக்கு ஏற்ற மசாலாவாக்கி, வடூவான் என்ற பெயரில் விற்கிறார்கள்.

மீன்குழம்புக்கு மண்சட்டி. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. குதிரையும் பிள்ளையாரும் செய்யும் அந்தக் குயவர் மரபுக்குச் சட்டியும் பானையும் சொந்தம். மண்சட்டியில் சூடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். இறக்கி வைத்த பிறகும் குழம்பு கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். புளி மண்ணோடு வினைபுரியாது என்பதால் அலுமினியத்தில் வரும் மாற்று ருசி வராது. முதல் நாள் வைத்த சங்கரா மீன் குழம்போ காரப்பொடி மீன் குழம்போ மறுநாள் காலை இட்லிக்கு இன்னும் நன்றாக இருப்பதற்குக் காரணம், புளியும் உப்பும் காரமும் இரவில் மீனுக்குள் இறங்கிவிடுவதுதான். அந்தக் காரத்தைக் கொடுக்கும் மிளகாயும் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்ததுதான் என்பதை, ரொட்டியை மட்டும் வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

எதை, எப்போது, யார்?

கோதுமைப் பசை ஒத்துக்கொள்ளாதவர்கள் இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், கூழ், கேழ்வரகு அடை எல்லாவற்றையும் சாப்பிடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சாம்பாரில் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேழ்வரகு அடை கடையில் வாங்கினால், தட்டுவதற்கு வசதியாகக் கோதுமை மாவு சேர்த்தார்களா என்றும் விசாரியுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் பரோட்டாவை விட்டுவிட்டு வெள்ளைச் சோற்றை அள்ளிச் சாப்பிட்டால் பலன் இல்லை. இரண்டும் இரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். கேழ்வரகும் மந்திரம் அல்ல. நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் அதுவும் சீக்கிரம் செரித்துவிடும். அடையாக, கீரையோடு, அளவோடு சாப்பிடுவது மேல். சோற்றின் அளவைக் குறைத்து, பருப்பு, காய், மீன் அளவைக் கூட்டுவது எந்தத் தானியத்துக்கும் பொருந்தும்.

கேழ்வரகை வீட்டில் தொடங்க நினைக்கிறவர்கள் மாவாக வாங்காமல் தானியமாக வாங்கி, கல் நீக்கிக் கழுவிக் காயவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள். மாவு நாளானால் கசக்கும், தானியமாக வைத்தால் கெடாது. வாரத்தில் இரண்டு காலைக்கு அடையோ கூழோ வைத்தால் போதும். மற்ற நாட்களில் இட்லியும் ஆப்பமும், ஆசைக்கு ஒரு பிரெஞ்சு ரொட்டியும் இருக்கட்டும்.